நெல்லும் கப்பலும்: பூம்புகார் முதல் நாகப்பட்டினம் வரை

பூம்புகாருக்கு முதல்முறை போகிறவர்களில் பலர் ஏமாற்றத்தோடுதான் திரும்புகிறார்கள். பாடப்புத்தகத்துக் காவிரிப்பூம்பட்டினம், 1964-இல் வந்த திரைப்படம், மேடைப் பேச்சுகளில் கேட்ட மாடமாளிகைகள் எல்லாம் சேர்ந்து மனத்துக்குள் ஒரு பெருநகரை ஏற்கெனவே கட்டிவைத்திருக்கின்றன. நேரில் போய் இறங்கினால் ஒரு மீனவர் ஊர், அலை அரிக்காமல் இருக்கக் கருங்கல் கொட்டிய கரை, 1973-இல் எழுப்பிய சிலப்பதிகாரக் கலைக்கூடம், வாய்க்கால்போல் மெலிந்து வந்து கடலில் சேரும் காவிரி. இரண்டு மணி நேரத்தில் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று வண்டியை வைத்தீஸ்வரன்கோயிலுக்கோ திருநள்ளாற்றுக்கோ திருப்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பூம்புகாரைத் தனி ஊராகப் பார்த்தால் அங்கே பார்க்கக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் ஆகிய ஐந்தும் சேர்ந்த ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடற்கரையை, இரண்டாயிரம் ஆண்டுகளில் இடம் மாறி மாறி நின்ற ஒரே துறைமுகமாகப் பார்த்தால் கதை வேறு. பல மதங்கள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்த நகரம் என்று காப்பியங்கள் சொல்லும் புகார் அழிந்துபோகவில்லை. அந்தக் கலவையான வாழ்க்கை துறைமுகத்தோடு சேர்ந்து தெற்கே நகர்ந்தது. இந்த அத்தியாயம் அந்த வழியைப் பற்றியது.

பல மதங்களின் நகரம் என்றால் வெளிநாட்டுப் பயண நூல்கள் பால்கன் பகுதியைக் காட்டும். போஸ்னியாவின் சாரயேவோவில் 16-ஆம் நூற்றாண்டு மசூதி, பழைய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம், 1889-இல் முடிந்த கத்தோலிக்கப் பேராலயம், யூதர்களின் தொழுகைக்கூடம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. அங்கே போகிறவர் தெருவில் நின்றபடியே நான்கு மதங்களையும் பார்த்துவிடலாம். நம் கடற்கரையில் அந்த வசதி இல்லை. ஒன்று மண்ணுக்குள் இருக்கிறது, ஒன்றைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது, ஒன்றை இடித்துவிட்டார்கள், இன்னொன்றில் இன்றும் கூட்டம் அலைமோதுகிறது. ஆகவே இங்கே வருகிறவருக்குக் கையில் ஒரு வாதம் வேண்டும். வெறும் பட்டியல் போதாது. எதை எதோடு சேர்த்துப் பார்ப்பது என்று தெரிந்தால்தான் கீழையூரில் கிடக்கும் செங்கல்லுக்கும் நாகூர் மினாராவுக்கும் உள்ள உறவு புலப்படும்.

வாதம் இதுதான். இந்தக் கரையில் பல மதங்கள் வேர்விட்டதற்கு மன்னர்களின் பரந்த மனம் மட்டும் காரணம் ஆகாது. காவிரிப் படுகையின் அரசுகள் எல்லாமே நெல்லை நம்பி நின்றவை. நெல் சோறு போடும், படை நடத்தும், கோயில் கட்டும். ஆனால் குதிரையும் பொன்னும் பவளமும் வயலில் விளையாது. அவை கப்பலில்தான் வரவேண்டும். கப்பலில் வருகிறவர்கள் தங்கள் தெய்வத்தையும் கூடவே கொண்டுவருவார்கள். கும்பிட ஓர் இடம் இருந்தால்தான் தங்குவார்கள். எனவே உள்நாட்டில் இருந்த அரசர் நிலமும் ஊரும் விட்டார், கடலோடிகள் காசு போட்டுக் கட்டிக்கொண்டார்கள். சோழர், நாயக்கர், மராத்தியர் என்று அரசுகள் மாறின. பௌத்தர், லுத்தரன் கிறித்தவர், முஸ்லிம் என்று வருகிறவர்களும் மாறினார்கள். நெல்லுக்கும் கப்பலுக்கும் இடையிலான இந்த உடன்பாடு மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு இடத்திலும் 'நிலம் யார் கொடுத்தது, காசு யார் கொடுத்தது' என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனால் இந்தப் பயணம் தன்னால் விளங்கும்.

பூம்புகாரில் இந்தக் கேள்விக்குத் தொடக்கம் கிடைப்பது இலக்கியத்தில். கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலை, கடல்வழி வந்த குதிரை, மிளகு, வடமலைப் பொன், ஈழத்து உணவு, காழகத்துப் பொருள் என்று துறைமுகத்துச் சரக்குகளை அடுக்குகிறது. பல மொழி பேசும் அயல்நாட்டார் கலந்து வாழ்ந்ததையும் சொல்கிறது. சிலப்பதிகாரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று நகரை இரண்டாகப் பிரித்து, கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் யவனர் குடியிருப்பை வைக்கிறது. பயணிக்கு இன்னும் பயனுள்ள பகுதி நாடுகாண் காதை. கோவலனும் கண்ணகியும் விடியும் முன் வீட்டை விட்டுப் புறப்படும்போது முதலில் பள்ளிகொண்ட திருமால் கோயிலை வலம்வருகிறார்கள், அடுத்துப் போதிமரத்து நிழலில் உள்ள ஏழு பௌத்த விகாரங்களைக் கடக்கிறார்கள், அதன்பின் சமணர் வழிபடும் சிலாவட்டத்தைத் தொழுகிறார்கள், பிறகே காவிரிக் கரையைப் பிடிக்கிறார்கள். ஒரே தெருவழியில் மூன்று சமயங்கள். புலவரின் கற்பனை என்று தள்ளலாம்தான். ஆனால் மண்ணைத் தோண்டியபோது கிடைத்தது அந்தக் கற்பனைக்குச் சாதகமாகவே இருக்கிறது.

இந்தியத் தொல்லியல் துறை 1960-களில் இங்கே அகழ்ந்தது. கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. படகு கட்டுவதற்காக நட்ட மரக்கம்பத்தின் எச்சத்தைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பியதில் கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் வந்தது. வாணகிரியில் ஒரு நீர்த்தேக்கமும் அதற்கு நீர் கொண்டுவந்த வாய்க்காலும் கிடைத்தன. மேலையூரில், பல்லவனேஸ்வரம் சிவன் கோயிலுக்குப் பக்கத்தில், அடுத்தடுத்து அறைகள் கொண்ட பௌத்த விகாரை ஒன்றின் அடித்தளமும், சிறிய செப்புப் புத்தர் படிமமும், ஆந்திரப் பகுதிச் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய புத்தர் பாதமும் கிடைத்தன. ஏறத்தாழ 4, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது அந்த விகாரை. அதே காலத்தை ஒட்டியவராகக் கருதப்படும் புத்ததத்தர் என்ற பாலி மொழி ஆசிரியர் சோழநாட்டவர். காவிரிப்பட்டினத்து விகாரையில் இருந்து எழுதியவர். ஆந்திரத்துக் கல், பாலி நூல், தமிழ்க் காப்பியம் மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன என்றால் அது கப்பல் செய்த வேலைதான். கீழையூர்த் துறையும் மேலையூர் விகாரையும் வேலியிட்ட திறந்தவெளிச் சின்னங்கள். போனால் முழங்கால் உயரச் செங்கல் வரிசைதான் தெரியும். ஆயினும் பூம்புகாரில் நேரம் குறைவாக இருந்தால் கலைக்கூடத்தை விடலாம், இந்த இரண்டையும் விடக்கூடாது என்பது என் முடிவு.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும்: 'உண்மையான நகரம் கடலுக்கடியில் இருக்கும்போது கரையில் கிடக்கும் நாலு செங்கல்லைப் பார்த்து என்ன பயன்?' கடல்கோள் பற்றிய மணிமேகலைக் கதை பழையது: இந்திர விழாவை அரசன் மறந்தான், நகரைக் கடல் கொண்டது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், எஸ்.ஆர்.ராவ் தலைமையில், 1980-களிலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறையோடு சேர்ந்து இங்கே கடலுக்குள் தேடினார்கள். 1991-இல் கரையிலிருந்து சுமார் 5 கி.மீ. தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பைக் கண்டார்கள். அதை வைத்துக்கொண்டு கிரகாம் ஹான்காக் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் பூம்புகாருக்குப் பதினோராயிரம் ஆண்டுக்கும் மேலான வயது சொன்னார். அதன்பின் இணையத்தில் அந்த வயது கூடிக்கொண்டே போகிறது. கணக்கைப் பொறுமையாகப் பார்க்கவேண்டும். 23 மீட்டர் ஆழம் நிலமாக இருந்தது பனியூழி முடிந்து கடல்மட்டம் ஏறிய தொல்பழங்காலத்தில் என்பது சரி. ஆனால் அங்கே இருப்பது மனிதர் கட்டியது என்பதற்கும், கட்டிய காலம் அதுதான் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். அந்த அமைப்பிலிருந்து காலம் கணிக்கக்கூடிய பொருள் எதுவும் எடுக்கப்படவில்லை. கரையோரம் அலை படும் இடத்தில் செங்கல் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் கிடைத்திருப்பதால், கடல் கரையை அரித்து நகரின் ஒரு பகுதியைத் தின்றது என்பதை நம்பலாம். நகரம் முழுவதும் ஒரே நாளில் மூழ்கியது என்பதற்குத்தான் சான்று இல்லை. பழைமையைக் கூட்டிச் சொன்னால் பெருமை கூடும் என்ற எண்ணம் இந்த ஊருக்குச் செய்திருக்கும் தீங்கு பெரிது: கண்ணுக்குத் தெரியும் விகாரையை விட்டுவிட்டு, தெரியாத கடலைப் பார்த்து நிற்க வைத்திருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறையின் ஆழ்கடல் அகழ்வைப்பகம் இங்கேயே இருக்கிறது. வதந்தியைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் முதலில் அதற்குள் போவது நல்லது. இதே கடலில் கிடைத்த மூழ்கிய கப்பல் ஒன்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. அதிலிருந்த ஈயக் கட்டிகளில் 1791, 1792 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. புகாரின் கடலடியில் இருப்பதெல்லாம் சங்க காலம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஏழு நிலை மாடம் கொண்ட சிலப்பதிகாரக் கலைக்கூடம் கணபதி ஸ்தபதியின் கைவண்ணம். உள்ளே காப்பியக் கதை முழுவதும் 49 சிற்பங்களில் வரிசையாக இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப்போகிறவர்கள் இதைத் தவறவிடவேண்டாம், நண்பகல் வெயிலுக்கும் நல்ல ஒதுக்கிடம். அது தொல்சின்னம் அல்ல, இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்நாடு தன் பழைய நகரை எப்படி நினைத்துப்பார்த்தது என்பதன் சின்னம் என்ற தெளிவோடு பார்க்கவேண்டும். மாலையில் காவிரி சங்கமத்துக்கு நடக்கலாம். ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் தர்ப்பணம் கொடுக்கவும் நீராடவும் பெருங்கூட்டம் வரும். சடங்குக்காக அல்லாமல் ஊரைப் பார்க்க வருகிறவர்கள் அந்த நாள்களைத் தவிர்க்கலாம். கடலில் இறங்கிக் குளிக்கவேண்டாம். முகத்துவாரத்தில் நீரோட்டம் இழுக்கும். ஆழம் சட்டென்று மாறும்.

சைவம் இந்தத் துறைமுகக் கதைக்கு வெளியே நின்றது என்று நினைத்துவிடக் கூடாது. திருஞானசம்பந்தர் பாடிய பல்லவனேஸ்வரம் பட்டினத்தார் பிறந்த ஊர்க் கோயில். அவர் கடல்வாணிகக் குடியில் வந்தவர். சாயாவனத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இயற்பகை நாயனாரும் வணிகர். திருவெண்காடு சற்று வடக்கே இருக்கிறது. புதன் தலம் என்பதால் புதன்கிழமை நெரிசல், மற்ற நாள்களில் அமைதி. அங்கிருந்து கிடைத்த ரிஷபவாகனர் செப்புத்திருமேனி, 1011-இல் வார்க்கப்பட்டது, இன்று தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. சோழர் கால வார்ப்புக்கலையின் உச்சம் எது என்று கேட்டால் பலர் கைநீட்டுவது அதை நோக்கித்தான். கீழப்பெரும்பள்ளம் கேது கோயிலும் வழியிலேயே வரும். நவக்கிரகச் சுற்றுலா வண்டிகள் இந்தக் கோயில்களை மட்டும் தொட்டுவிட்டு, விகாரைக்கு முன்னாலேயே நிற்காமல் கடந்து போகின்றன. ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவைத்தால் மேலையூரில் அரைமணி நேரம் நிறுத்துவார்.

பூம்புகாரிலிருந்து தெற்கே சுமார் 20 கி.மீ. போனால் தரங்கம்பாடி. இங்கே நமது இரண்டு கேள்விகளுக்கும் எழுத்திலேயே பதில் இருக்கிறது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைதான் இந்த ஊருக்கு அடித்தளம். டென்மார்க் மன்னருக்கு அவர் தங்க ஏட்டில் எழுதிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. டேனிஷ்காரர்களுக்கு மிளகு வேண்டியிருந்தது, தஞ்சைக்கு வெளிநாட்டு வணிகம் வேண்டியிருந்தது. நிலத்தை நாயக்கர் கொடுத்தார், டான்ஸ்போர்க் கோட்டையைக் கப்பல் காசு கட்டியது. 1706-இல் வந்திறங்கிய லுத்தரன் மதபோதகர் சீகன்பால்கு இங்கேதான் தமிழ் கற்று, அச்சகம் அமைத்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1718-இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. கோட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே கடற்கரையில் சில அடி நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில்: 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது, பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. பழைய மசூதியும் ஊருக்குள் உண்டு. சாரயேவோவில் பார்ப்பதுபோல் ஒரே பார்வையில் பல மதங்களைப் பார்க்க இந்தக் கரையில் ஓர் இடம் உண்டென்றால் அது தரங்கம்பாடி. ராஜவீதியில் காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ நடங்கள். நடுப்பகலில் நிழல் கிடையாது.

'காலனிக்காரர் கோட்டையைப் புகாரோடு ஒப்பிடலாமா? யவனர் விருந்தாளிகள், ஐரோப்பியர் ஆதிக்கக்காரர்கள் அல்லவா?' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. பீரங்கி வைத்த கோட்டைக்கும் மருவூர்ப்பாக்கத்து வணிகர் தெருவுக்கும் வித்தியாசம் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் 1845-இல் இந்த ஊரைச் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குப் பிரிட்டிஷாரிடம் விற்றார்கள். குடியிருந்த மக்களை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் 1620-இல் இந்தக் கரையில் மேல்கை தஞ்சைக்குத்தான் இருந்தது. டேனிஷ்காரர்கள் அனுமதி கேட்டு வந்தவர்கள். நெடுங்காலம் தஞ்சைக்கு வரி கட்டியவர்கள். டேனிஷ் வணிகக் கம்பெனிக்கும் மதபோதகருக்குமே ஒத்துப்போகவில்லை: சீகன்பால்குவைத் தரங்கம்பாடியின் டேனிஷ் ஆளுநரே 1708-இல் சிறையில் போட்டு, நான்கு மாதம் வைத்திருந்தார். 'கோட்டையும் தேவாலயமும் ஒன்று' என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. பின்னால் தரங்கம்பாடியிலிருந்து தஞ்சைக்குப் போன ஷ்வார்ட்ஸ் பாதிரியார் இரண்டாம் சரபோஜியின் காப்பாளராக ஆனார்; அவர் மறைந்தபின் சரபோஜி மன்னர் அவருக்கு லண்டனிலிருந்து பளிங்கு நினைவுச் சிற்பம் வரவழைத்துத் தஞ்சைத் தேவாலயத்தில் வைத்தார். மதம் மாறாத ஒரு மராத்திய மன்னர் இதைச் செய்தது கணக்குப் பார்த்து அல்ல. பேரம் வாசலைத் திறக்கிறது. உள்ளே வந்தபின் தலைமுறைக்கணக்கில் பழகுவது வேறு கதை.

காரைக்காலில் அதிகம் தங்கவேண்டியதில்லை. 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊர், இப்போது புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் பாகம். காரைக்கால் அம்மையார் கோயிலில் மாங்கனித் திருவிழா ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும். அப்போது வந்தால் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பதைப் பார்க்கலாம். அந்த அம்மையாரின் கதையும் துறைமுகக் கதைதான்: காரைக்கால் வணிகர் மகள், நாகப்பட்டினத்து வணிகர் மகனுக்கு வாழ்க்கைப்பட்டாள், கணவன் கப்பல் ஏறிப் போய்ப் பாண்டிநாட்டுத் துறைமுகத்தில் இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டான். ஊருக்குள்ளேயே மஸ்தான் சாகிப் தர்காவும் பிரெஞ்சுக் காலத் தேவாலயமும் இருக்கின்றன. திருநள்ளாறு பக்கத்தில் இருப்பதால் சனிக்கிழமைகளில் விடுதி கிடைப்பது கடினம்.

நாகூர் இந்தப் பயணத்தின் உயிருள்ள பகுதி. 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாகுல் ஹமீது ஆண்டகையின் தர்கா ஐந்து மினாராக்கள் கொண்டது. அவற்றில் உயரமான 131 அடி மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங். தர்காவுக்கு ஊர்களை மானியமாக விட்டவரும் அவரே. நாயக்க மன்னர் ஒருவரின் தீராத நோயை ஆண்டகை தீர்த்ததால் இடம் கிடைத்தது என்று மரபுக் கதை சொல்கிறது. கதை எப்படி இருந்தாலும், நிலம் தஞ்சையிலிருந்து வந்தது, கடல் தாண்டிய வாணிகம் தர்காவின் பெயரைச் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் கொண்டுபோய் அங்கேயும் நாகூர் தர்காக்களை எழுப்ப வைத்தது. மொட்டை போட்டுக்கொள்ளும் இந்துக் குடும்பங்களை இங்கே எந்த நாளும் பார்க்கலாம். கந்தூரி இஸ்லாமிய நாள்காட்டிப்படி வருவதால் ஆண்டுதோறும் தேதி மாறும்; பதினான்கு நாள் விழா, சந்தனக்கூடு ஊர்வல இரவில் நாகையிலிருந்து நாகூர் வரை சாலையில் மக்கள் வெள்ளம். தலையை மூடிக்கொள்ளக் கைக்குட்டையோ துணியோ எடுத்துச் செல்லுங்கள். வியாழன் மாலை கூட்டம் அதிகம், ஆனால் தர்காவை அதன் இயல்பில் பார்க்க அதுதான் நேரம். வெளியே இறால் வைத்த வாடாவும் தம்ரூட்டும் சாப்பிடாமல் வரவேண்டாம்.

அடுத்து நாகப்பட்டினம். வயதில் இது நாகூருக்கும் தரங்கம்பாடிக்கும் மூத்தது. புகார் தளர்ந்த பின் சோழர்களின் முதன்மைத் துறைமுகம் இதுவே. கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் இங்கே தன் தந்தை பெயரில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி எழுப்பினார். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற நெல்விளையும் ஊரின் வருவாயை அதற்குக் கொடுத்தான்; அதைச் சொல்வதுதான் லைடன் செப்பேடு. இதன் மறுபக்கம் பலர் அறியாதது: நாகை காரோணம் சிவன் கோயிலுக்கு ஸ்ரீவிஜய மன்னரின் பிரதிநிதிகள் நகைகளும் சீனப் பொன்னும் கொடுத்ததை அங்கேயுள்ள ராஜேந்திரன் காலக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. சிவபக்தன் பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுக்கிறான், பௌத்த மன்னன் சிவன் கோயிலுக்குப் பொன் கொடுக்கிறான். 1025-இல் ராஜேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்தான். ஆனாலும் 1090-இல் முதலாம் குலோத்துங்கன் நாகை விகாரங்களுக்கு உரிமைகளை உறுதிசெய்து இன்னொரு செப்பேடு வெளியிட்டான். போர் உறவைக் குலைத்தது, உடன்பாட்டை அழிக்கவில்லை. நெல்லுக்கும் கப்பலுக்கும் இடையிலான பேரம் என்ற வாதத்துக்கு ராஜராஜன் கொடையிலிருந்து குலோத்துங்கன் செப்பேடு வரையிலான இந்த 85 ஆண்டுக் கணக்கைவிட வலுவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இவ்வளவையும் கேட்டபின் 'ஆக, எல்லாரும் அண்ணன் தம்பியாக வாழ்ந்தார்கள்' என்று சுற்றுலாத் துறை விளம்பரம்போல் முடித்துவிடுகிற ஆபத்து இருக்கிறது. அது உண்மையல்ல. சம்பந்தரின் பெரும்பாலான பதிகங்களில் ஒரு பாடல் சமணரையும் பௌத்தரையும் கண்டிப்பதற்கே ஒதுக்கப்பட்டது. அவர் பாடிய பல்லவனேஸ்வரமும் பௌத்த விகாரையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மணிமேகலையும் பிற சமயங்களை வாதத்தில் வீழ்த்திப் பௌத்தத்தை நிறுத்துகிற நூல்தான். நாகையிலிருந்த பொன் புத்தரைத் திருமங்கையாழ்வார் கவர்ந்துபோய்த் திருவரங்கத் திருப்பணிக்குப் பயன்படுத்தினார் என்று வைணவ குருபரம்பரைக் கதையே பெருமையோடு சொல்கிறது. 19-ஆம் நூற்றாண்டு வரை கடலிலிருந்து பார்த்தால் தெரியும்படி நாகையில் நின்ற, 'சீனக் கோபுரம்' என்று ஐரோப்பியர் அழைத்த பௌத்தக் கட்டடத்தை, அரசின் அனுமதியோடு இயேசு சபையினர் 1867-இல் இடித்தார்கள். அந்தப் பகுதியில் சிறிதும் பெரிதுமாக 350 அளவில் புத்தர் படிமங்கள் தோண்டக் கிடைத்தன. ஒரு வேடிக்கை: தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்கு 1713-இல் எழுதி, ஜெர்மனியிலிருந்த மேலிடம் அச்சிட மறுத்த நூல் ஒருவழியாக அச்சேறியதும் அதே 1867-இல், சென்னையில். ஒரு பக்கம் இடிப்பு, ஒரு பக்கம் பதிப்பு.

இந்த மோதல்கள் என் வாதத்தைக் குலைக்கவில்லை. எங்கே அது செல்லாது என்று காட்டுகின்றன. துறைமுகத்தில் ஒரு சமூகத்தின் வணிகம் நடக்கும்வரை அதன் வழிபாட்டிடம் நின்றது. வணிகர்கள் போனபின் விகாரையைக் காக்க ஆளில்லை, நெல் ஊரின் வருவாயும் வேறு பக்கம் போயிற்று. மேலையூர் விகாரை மண்மூடியதற்கும் நாகைக் கோபுரம் ஆதரவற்று நின்றதற்கும் அதுவே அடிப்படைக் காரணமாக எனக்குத் தெரிகிறது. உள்ளூர் மக்களையே பக்தர்களாகப் பெற்ற நாகூரும் வேளாங்கண்ணியும் நிலைத்தன. வேளாங்கண்ணி பற்றித் தனி அத்தியாயத்தில் வருகிறது. இங்கே ஒன்று மட்டும்: ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை இந்தச் சாலை முழுவதும் காவி உடுத்து நடந்து வருகிறவர்கள் நிறைந்திருப்பார்கள், வண்டி நகராது.

நடைமுறைக்கு வருவோம். மயிலாடுதுறை, சீர்காழி இரண்டுக்கும் சென்னையிலிருந்து ரயில் உண்டு. அங்கிருந்து பூம்புகார் முறையே ஏறத்தாழ 24, 20 கி.மீ., பேருந்து கிடைக்கும். மேலையூர், கீழையூர், சாயாவனம் என்று சுற்ற ஆட்டோவே வசதி. பூம்புகாரில் தங்கும் வசதி குறைவு என்பதால் மயிலாடுதுறையில் தங்குவது மேல். ஜனவரி, பிப்ரவரி உத்தமம்: சம்பா அறுவடை நடக்கும், வெயில் ஏறியிருக்காது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் இந்தக் கரையைத்தான் முதலில் தொடும். காவிரியில் தண்ணீர் பார்க்கவேண்டும் என்றால் மேட்டூர் திறந்து நீர் கடைமடைக்கு வந்தபின், ஆடியில் வரவேண்டும். கோயில்கள் நண்பகல் 12 முதல் 4 வரை மூடியிருக்கும். அந்த நேரத்தைக் கலைக்கூடத்துக்கும் அகழ்வைப்பகத்துக்கும் தரங்கம்பாடிக் கோட்டைக்கும் ஒதுக்குங்கள். அரசு அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை உண்டு, பெரும்பாலும் வெள்ளி. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். தேவாலயத்தில் ஞாயிறு வழிபாட்டு நேரத்திலும் மசூதியில் வெள்ளி நண்பகலிலும் படம் எடுக்கப் போகவேண்டாம்.

முழுப் பயணத்துக்கு இரண்டு நாள் போதும்: முதல் நாள் பூம்புகாரும் திருவெண்காடும், இரண்டாம் நாள் விடியற்காலையில் தரங்கம்பாடி, பின்பு காரைக்கால் வழியே நாகப்பட்டினம், மாலையில் சற்றுத் திரும்பி வந்து நாகூர். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் மேலையூர் விகாரை, தரங்கம்பாடி, நாகூர் தர்கா மூன்றையும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அடுத்த முறைக்கு வையுங்கள். மேலையூர் விகாரையில் பெரும்பாலும் உங்களைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். விளக்கப் பலகை சொல்வது கொஞ்சம்தான். பிள்ளைகளோடு போகிறவர்கள் நாடுகாண் காதையின் கதையைப் போகும் வழியில் வண்டியிலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.